இழுக்காத காரும் மாற்றிய உதிரிப்பாகமும்

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் வீதியில் நெல்லியடியைக் கடந்து சிறிது தூரம் போனால் வல்லை வெளி வரும். வீடு இல்லை, நிழல் இல்லை. காற்று மட்டும் தாராளமாக உண்டு. 2022 செப்டெம்பரில் ஒரு காலை, என் தமக்கையாரை இருதய நோய்க் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றபோது, அந்த வெளியின் நடுவில் எங்கள் சின்னக் கார் திடீரென்று இழுவையை இழந்தது. என்ஜின் நிற்கவில்லை. ஆனால் மிதிக்க மிதிக்க வேகம் குறைந்துகொண்டே போனது. பின்னால் வந்த பஸ் நீண்ட ஹோர்ன் ஒலியுடன் எங்களை உரசுவது போல் முந்திச் சென்றது. தமக்கையார் நெஞ்சில் கை வைத்தபடி பேசாமல் இருந்தார். அந்தப் பேசாமையை இன்னும் நான் மறக்கவில்லை.

அன்று பிற்பகல் ஒரு கராஜில் காரை விட்டேன். கணினிக் கருவியைப் பொருத்தினார்கள். திரையில் ஒரு குறியீடு வந்தது. கலவையில் எரிபொருள் போதவில்லை என்பது அதன் பொருள். “ஒக்சிசன் சென்சர் பிழை ஐயா, மாத்த வேணும்” என்றார் அங்கிருந்த தம்பி. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. உதிரிப்பாகங்களும் யானை விலை, குதிரை விலை. சொன்ன பணத்தைக் கொடுத்து மாற்றினேன். ஊருக்குள் கார் நன்றாகவே ஓடியது. இரண்டு வாரம் கழித்து அதே வல்லை வெளியில் அதே கதை.

அதன் பின்னர்தான் முதிய மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் காரைத் தொடுமுன் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். ஊருக்குள் ஓடும்போதும் இப்படி வருகிறதா? காற்றுக்கு எதிராக ஓடும்போது மட்டுமா? பெற்றோல் எங்கே அடித்தீர்கள்? மூன்றாவது கேள்வியில் என் குட்டு வெளிப்பட்டது. பெற்றோல் தட்டுப்பாட்டு மாதங்களில் கிடைத்ததையெல்லாம் பழைய கான்களில் சேமித்து, வடிக்காமல் காருக்குள் ஊற்றியவன் நான்.

அவர் எரிபொருள் குழாயில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். என்ஜின் சும்மா ஓடும்போது அழுத்தம் சரியாக இருந்தது. வேகத்தைக் கூட்டியதும் முள் சரிந்தது. தாங்கியிலிருந்து பம்மைக் கழற்றியபோது அதன் அடியிலிருந்த வடி முழுவதும் கோப்பி மண்டி போல் சேறு. ஊருக்குள் மெதுவாக ஓடும்போது அந்த அடைப்பினூடாக வந்த பெற்றோல் போதுமாக இருந்தது. சோளகக் காற்றை எதிர்த்து வல்லை வெளியில் ஓடும்போது அது போதவில்லை. இவ்வளவுதான் விஷயம்.

ஒக்சிசன் சென்சர் புகைக்குழாயில் இருப்பது. எரிந்து வரும் புகையில் மிஞ்சிய ஒக்சிசன் எவ்வளவு என்று அது சொல்லும். பெற்றோல் குறைந்தால் ஒக்சிசன் மிஞ்சும். அது உண்மையைத்தான் சொன்னது. நாங்கள் செய்தியைக் கேளாமல் தூதனைத் தண்டித்தோம்.

பத்திரிகைத் தொழிலில் எனக்கு முதலில் கற்றுத் தந்த பாடம், ஒரு வாயிலிருந்து கேட்டதை அப்படியே அச்சேற்றாதே என்பது. குறியீடும் ஒரு வாய்தான். அது விசாரணையின் தொடக்கம், தீர்ப்பு அல்ல.

குடாநாட்டு மெக்கானிக்குகளுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின் பெற்றோல் இங்கே தடைசெய்யப்பட்ட பொருளானது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் சிறிதளவு பெற்றோலில் உயிர்பெற்று, சூடான பின் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தப் பழைய என்ஜின்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று; அதனால் பொறுத்துக்கொண்டன. இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் அது அதைவிட அதிகம். மண்ணெண்ணெய் கலந்தால் தட்டும், இழுவை போகும். அன்று பிளக்கைக் கழற்றிப் பார்த்தே நோயைச் சொன்னார்கள். கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகை, வெளிறியிருந்தால் குறை. கருவி இல்லாத வறுமை அவர்களுக்கு ஒழுங்காக விசாரிக்கும் பழக்கத்தைக் கொடுத்தது.

அந்த ஒழுங்கு இன்றும் மாறவில்லை. ஓடுகின்ற கார் இழுவையை இழந்தால் முதலில் எரிபொருள்: தாங்கியில் தண்ணீர் அல்லது அழுக்கு, அடைத்த வடி, தளர்ந்த பம். அடுத்தது காற்று: அடைத்த காற்று வடி, வெடித்த றப்பர் குழாய். பின்னர் பொறி: தேய்ந்த பிளக், பழுதான கொயில். பருத்தித்துறை போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று மின் இணைப்புகளையும் பற்றறி முனைகளையும் அரித்துவிடுவதையும் இதனோடு பார்க்க வேண்டும். அதன் பிறகு புகை வெளியேறும் வழி. கற்றலிற்றிக் கொன்வேற்றர் அடைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுபவனின் நிலைதான் என்ஜினுக்கும். வெப்பமானி ஏறியிருந்தால் உடனே நிறுத்த வேண்டும். எரிந்த வால்வு, பல் தாண்டிய டைமிங் பெல்ட் எல்லாம் கடைசியில். என்ஜின் வேகமாகச் சுழன்றும் கார் நகராவிட்டால் குற்றவாளி கிளச். சில்லுகள் கொதித்தால் விடாமல் பிடித்திருக்கும் பிறேக்.

வீதியில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நான்கு விளக்குகளையும் மினுங்கவிட்டு, கரைக்கு ஒதுங்குங்கள். என்ஜின் நின்றுவிட்டால் பிறேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் ஓரிரு மிதிக்கே தாங்கும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். கார் நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள், ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளும். என்ஜின் விளக்கு விட்டு விட்டு மினுங்கினால் பெற்றோல் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் கற்றலிற்றிக் கொன்வேற்றரும் போகும்.

கணினிக் கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றைய காரை அது இல்லாமல் பார்க்க முடியாது. அந்த இளைஞரை மட்டும் குறை சொல்வதும் நியாயமல்ல. குற்றத்தில் பாதி நம்முடையது. புதிய பாகம் ஒன்றைக் கையில் காட்டினால் கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம். ஒரு மணி நேரம் பரிசோதித்து, “பாகம் எதுவும் மாற்றத் தேவையில்லை” என்று ஒருவர் சொன்னால், “ஒண்டும் செய்யேல்லையே, பிறகென்ன காசு?” என்கிறோம். இப்படிக் கேட்கும் ஊரில் பாகம் மாற்றுபவர்கள் பெருகுவார்கள்; நோய் அறிபவர்கள் அருகிப் போவார்கள்.

அடுத்த முறை கராஜில் “இதை மாத்த வேணும்” என்று சொன்னால், “எதை அளந்து பார்த்தீர்கள்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் இருந்தால் மாற்றுங்கள். அளந்து பார்த்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.

வடியைக் கழுவிப் பூட்டிய அந்த முதியவர் என்னிடம் வாங்கியது சென்சருக்கு நான் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கும் வராது. அதன் பின் தமக்கையாருடன் எத்தனையோ தடவை வல்லை வெளியைக் கடந்துவிட்டேன். அந்த இடம் வரும்போது அவர் இன்னமும் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்.