மாணவர் நல டீனிடம் தண்டிக்கும் அதிகாரம் வேண்டாம்

பல்கலைக்கழகத்தில் மாணவர் நலப் பொறுப்பும் ஒழுங்கு நடவடிக்கைப் பொறுப்பும் ஒருவரிடமே இருக்கக் கூடாது என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. இளநிலை மாணவர்களின் விடுதி, உதவித்தொகை, மனநல ஆலோசனை, கலைவிழா என அனைத்தையும் கவனிக்கும் டீனே பல வளாகங்களில் விசாரணைக் குழுவிலும் அமர்கிறார். இடைநீக்க ஆணையிலும் கையெழுத்திடுகிறார். முதன்முறையாக வீட்டைவிட்டு வந்து தங்கும் முதலாண்டு மாணவர், தம் போதைப் பழக்கத்தையோ அரியர் சுமையையோ விடுதியில் கேட்கும் சாதி வசவையோ அவரிடம் எந்தத் துணிவில் சொல்வார்? சொன்ன சொல்லே நாளை குற்றச்சாட்டாகத் திரும்பலாம் என்ற அச்சம் இருக்கும்வரை அவர் வாய் திறக்கமாட்டார்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். காரணங்கள் பல, ஒரு பதவியைச் சீரமைப்பதால் அவையெல்லாம் தீர்ந்துவிடா. ஆனால், உதவி கேட்கத் தயங்க வைக்கும் தடையை நிர்வாகமே எழுப்பக் கூடாது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 23ஆம் பிரிவு, இரகசியம் காக்கப்படுவதை உரிமையாகவே தருகிறது. ஆலோசகர் டீனுக்கு அறிக்கை தர, அந்த டீனே விசாரணைக் குழுவிலும் அமர்ந்தால் இந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடும். விசாரணைக்குத் தனி வழிகளும் ஏற்கெனவே உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் ராகிங் தடுப்புக் குழுவை நிறுவனத் தலைவரின் தலைமையில் வைக்கின்றன. 2023ஆம் ஆண்டு விதிமுறைகள் குறைதீர்ப்புக் குழுவையும் அதற்கு மேல் முறையீடு கேட்கக் குறைதீர்ப்பாளரையும் தருகின்றன. ஆகவே, நாங்கள் கேட்கும் மாற்றத்துக்குப் புதிய சட்டம் தேவையில்லை.

தண்டிக்க முடியாத டீனை யாரும் மதிக்கமாட்டார்கள் என்பது முதல் மறுப்பு. கட்டணத் தவணையை நீட்டிப்பது, மருத்துவ விடுப்புக்கு வருகைப்பதிவில் சலுகை பெற்றுத் தருவது, விடுதி அறையை மாற்றித் தருவது ஆகியவை சிறு அதிகாரங்கள் அல்ல. மதிப்பு அவற்றிலிருந்தே வரும். இது குற்றங்களை மறைக்க உதவும் என்பது இன்னொரு மறுப்பு. பிறருக்குத் தீங்கு நேர்ந்திருந்தாலோ உயிருக்கு ஆபத்து இருந்தாலோ டீன் உடனே உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அதில் எந்தத் தளர்வையும் நாங்கள் கேட்கவில்லை. தீர்ப்பு எழுதும் வேலை மட்டும் அவருடையதாக இருக்கக் கூடாது என்கிறோம். சிறு கல்லூரிகளில் ஆள் இல்லை என்பாரும் உண்டு. அங்கே வேறு துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றால் போதும். புதிய பணியிடம் தேவைப்படாது.

எனவே, வரும் கல்வியாண்டுக்கு முன் ஒவ்வொரு பல்கலைக்கழகச் சிண்டிகேட்டும் மூன்றைத் தீர்மானமாக நிறைவேற்றக் கோருகிறோம்: டீன் எந்த ஒழுங்கு விசாரணைக் குழுவிலும் உறுப்பினராக இருக்கலாகாது, ஆலோசகரின் குறிப்புகள் விசாரணைக் கோப்பில் சேரக் கூடாது, எது இரகசியம், எதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதை மாணவர் சேர்க்கையின்போதே தமிழில் எழுதித் தர வேண்டும்.