மறுநாள் கூடுவதை நிறுத்துவோம்

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். எல்லாம் முடிந்த மறுநாள்தான் கூடுவோம்.

2016 ஜனவரியில் சின்னசேலம் பக்கம் ஒரு தனியார் இயற்கை மருத்துவக் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் ஒன்றாக இறந்தார்கள். கட்டணக் கொடுமையைப் பற்றி அவர்கள் எழுதி வைத்த கடிதம் வெளிவந்ததும் ஊரே கொதித்தது. அதற்கு முன்பே அந்தக் கல்லூரி மாணவர்கள் அப்போது நம் மாவட்டமாக இருந்த விழுப்புரத்தின் கலெக்டர் ஆபீஸ் வரை போய் முறையிட்டிருந்தார்கள். அன்றைக்கு அவர்களோடு நின்றவர்கள் எத்தனை பேர்?

2022 ஜூலையில் கனியாமூரில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி இறந்து நாலாம் நாள் ஆயிரக்கணக்கில் திரண்டோம். நியாயம் கேட்டது சரி. பஸ்ஸைக் கொளுத்தியதையும் மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்கள் கருகியதையும் எந்த நியாயத்தில் சேர்ப்பது? 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோதும் அப்படித்தான். தெரு கொள்ளாத கூட்டம், வரிசையாகக் கார்கள், கேமராக்கள். அப்பனையும் ஆத்தாளையும் பறிகொடுத்த பிள்ளைகள் மட்டும் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள். அரசு படிப்புச் செலவை ஏற்றது நல்லது. ராத்திரி தூக்கம் வராமல் அந்தப் பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் பக்கத்தில் யார்?

இந்த முறை, இன்னொரு உயிர் போகும் முன்பே கூடுவோம்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் தோழனைப் பாருங்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் முதல் நாளே இங்கிலீஷ் பாடத்தில் மூச்சு முட்டுகிறான். அப்பா அம்மா கேரளாவிலோ கர்நாடகத்திலோ எஸ்டேட் வேலையில். மரவள்ளி விலை விழுந்தால் இவன் பரீட்சைக் கட்டணம் விழுகிறது. விடுதியில் எவனோ ஒருவன் சிரித்துக்கொண்டே 'மலைக்காரா' என்று கூப்பிடுகிறான். இரண்டு அரியர் விழுந்ததும் வகுப்புக்கு வருவதை நிறுத்துகிறான். நாமும் 'ஊருக்குப் போயிருப்பான்' என்று விட்டுவிடுகிறோம். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் பஸ் காசுக்கு ஆகும், மறுக்கவில்லை. மனசுக்குள் கிடப்பதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும், தோழர்களே.

2022 ஒரே ஆண்டில் இந்த நாட்டில் தற்கொலையால் போன மாணவர்கள் 13,000-க்கும் மேல். இது அரசின் குற்ற ஆவணக் கணக்கு. இதை அவரவர் பலவீனம் என்று சொல்கிறவன் வாயை அடையுங்கள்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் எதுவானாலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். உதவி எண்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஆசிரியர், ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி. நாளைக் காலை முதல்வர் அறைக்குப் போய், 'நம் கல்லூரி ஆலோசகர் எந்த அறையில் உட்காருகிறார்?' என்று கேளுங்கள். 'கணக்கு வாத்தியாரே பார்த்துக்கொள்வார்' என்ற பதிலை ஏற்காதீர்கள். கேள்வியை எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துப் பெறுங்கள்.

ஆலோசகர் வரும்வரை நாம்தான். விடுதியில் ஒரு வரிசைக்கு இரண்டு பேர் பொறுப்பெடுங்கள். மூன்று நாள் ஆளைக் காணோமா, தேடிப் போங்கள். மெஸ்ஸில் தட்டை ஒதுக்குகிறவளிடம் 'என்னடி ஆச்சு' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், அவள் பேசட்டும். 'இதுக்கெல்லாமா அழுவே', 'நாங்கல்லாம் படாததா' இரண்டையும் நாக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். சாகணும் போல இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, உள்ளே இருப்பது வெளியே வரத்தான் வழி. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். ரகசியம் காப்பாற்றுகிறேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். நம்பகமான பெரியவர் ஒருவருக்குச் சொல்லுங்கள், அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசில்லை. 104-உம் உண்டு. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூடவே போங்கள். போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயத்தில் தற்கொலைக்கு முயன்ற ஆளை வீட்டுக்குள் ஒளித்து வைக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிக்க அல்ல, சிகிச்சை தர.

கல்வராயன் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். போன் நம்பர் கொடுத்தால் கடமை முடிந்தது என்று கீழே இருக்கிறவர்கள் நினைப்பார்கள். உங்கள் ஊர்கள் பலவற்றில் டவர் சரியாகக் கிடைப்பதில்லை. அதனால் விடுமுறைக்கு யாரும் ஒற்றையாக மலை ஏற வேண்டாம். வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பக்கத்து சீட்டில் போய் உட்காருங்கள். எந்த ஊர், எந்த வகுப்பு, எப்போது திரும்புகிறாய் என்று கேளுங்கள். திரும்பும் நாளில் அதே பஸ்ஸுக்கு நீங்களும் வந்து நில்லுங்கள்.