லினக்ஸ் வட்டு தொடங்காதபோது தமிழ் எங்கே இருக்கிறது?

லினக்ஸைத் தமிழாக்கும் பணி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. கேடிஇ, குனோம் முதலிய பணிச்சூழல்களின் பட்டிகளுக்கும் எச்சரிக்கைகளுக்கும் தன்னார்வலர்கள் பொறுமையாகத் தமிழ்த் தொடர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த உழைப்பை மதித்தே ஒரு குறையைச் சொல்ல விரும்புகிறேன். இயங்குதளத்தை நிறுவுவதற்காக எழுதிய வட்டு தொடங்க மறுக்கும்போது, அந்தத் தமிழ் முழுவதும் வட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. பயனருக்கு உதவி மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் அவர் எதிரே இருப்பவை ஒரு கறுப்புத் திரையும் ஓர் ஆங்கில வரியும்தான். தமிழ்க் கணிமையில் ஈடுபட்டுள்ள நாம் இந்த நேரத்துக்குப் போதிய கவனம் அளிக்கவில்லை என்பது என் கருத்து.

கேரள எல்லைத் தமிழர்களுக்கு இது ஏட்டுச் சிக்கல் அன்று. கேரளப் பொதுக்கல்வித் துறை 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் என்னும் நிறுவனமாக உருப்பெற்றது. அது பள்ளிகளுக்கு வழங்கும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற மென்பொருள். ஆகவே பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்வழியில் பயிலும் பிள்ளைகள் பள்ளிக் கணினியில் சந்திக்கும் இயங்குதளம் லினக்ஸ்தான். தகவல் தொழில்நுட்பப் பாடநூல் அவர்களுக்குத் தமிழிலும் கிடைக்கிறது. கணினியைப் பயன்படுத்துவதற்கான தமிழ் அவர்கள் கையில் இருக்கிறது. அதன் பழுதை எடுத்துரைப்பதற்கான தமிழை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

வட்டு தொடங்காத நிலையில் திரையில் தமிழ் வராததற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. கணினிக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ், அல்லது அதற்குப் பின்வந்த யுஇஎஃப்ஐ. பழைய பயாஸ் பயன்படுத்தும் எழுத்துத் திரை வழக்கமாக 256 வடிவங்களை மட்டுமே கொண்டது. தமிழுக்கு இடம் மட்டும் போதாது, ஒழுங்கமைப்பும் வேண்டும். ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பை ககரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் நிறுத்துவதற்கென ஒரு மென்பொருள் தேவை. அந்த மென்பொருள் இயங்குதளம் எழுந்த பிறகே வேலைக்கு வரும். எனவே இந்தக் கட்டத்துக்கான தமிழ் கணினிக்கு வெளியே, ஒரு தாளிலோ ஆசிரியரின் வாயிலோதான் இருந்தாக வேண்டும்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்? மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ‘பூட்’ என்பதற்குக் கலைச்சொல்லாகத் ‘தொடங்கு’ என்று எழுதுகிறோம். கணினியை இயக்குவதற்கும் ‘தொடங்கு’. நிறுவலை ஆரம்பிப்பதற்கும் ‘தொடங்கு’. விளைவாக, ‘வட்டு தொடங்கவில்லை’ என்று ஒரு மாணவி சொன்னால், எந்தக் கட்டத்தில் தடை ஏற்பட்டது என்று கேட்பவருக்குத் தெரியாது. பழுது நீக்குவதற்கோ அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

இந்தத் தெளிவின்மை தமிழின் இயல்பு அன்று. சித்தூர்ப் பகுதித் தென்னந்தோப்பில் பம்புசெட் வைத்திருக்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். ‘மோட்டார் எடுக்கவில்லை’, ‘எடுத்து நின்றுவிடுகிறது’, ‘ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை’ என்ற மூன்று தொடர்களும் மூன்று வெவ்வேறு பழுதுகளைக் குறிக்கின்றன. மெக்கானிக் எந்தக் கருவியோடு வர வேண்டும் என்பதைக்கூட அவை சொல்லிவிடும். வினையெச்சமும் துணைவினையும் இங்கே நோயறியும் கருவிகளாகின்றன. இதே நுட்பத்தை நிறுவல் வட்டுக்குப் பொருத்தினால் நான்கு தொடர்கள் கிடைக்கும்.

ஒன்று, ‘கணினி வட்டைப் பார்க்கவே இல்லை.’ வட்டு உள்ளே இருந்தும் பழைய இயங்குதளமே வருகிறது. பெரும்பாலும் தொடக்க வரிசையில் வன்தட்டு முன்னால் இருக்கும். கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஃப்2, டெலிட் ஆகியவற்றுள் அந்த நிறுவனத்துக்கு உரிய விசையை அழுத்தி வரிசையை மாற்ற வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் வட்டை வேறொரு கணினியில் திறந்து பார்க்கலாம். உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிந்தால், படிமமாக எழுத வேண்டியதைச் சாதாரணக் கோப்பாக நகலெடுத்திருக்கிறார்கள். 1995இல் வகுக்கப்பட்ட எல் டொரிட்டோ நெறிமுறைப்படி, பயாஸ் வட்டின் 17ஆம் எண்ணுள்ள பகுதியில் தொடக்கக் குறிப்பைத் தேடும். கோப்பாக நகலெடுத்த வட்டில் அந்த இடத்தில் அக்குறிப்பு இராது.

இரண்டு, ‘பார்த்தது, ஏற்கவில்லை.’ 2012இல் விண்டோஸ் 8உடன் பரவலான செக்யூர் பூட், ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லாத தொடக்க நிரலை மறுத்துவிடும். உபுண்டு போன்றவை கையொப்பத்தோடு வருகின்றன. வராத வழங்கல்களுக்கு அந்த அமைப்பை அணைக்க வேண்டியிருக்கும். பழைய பயாஸ் முறைக்கென உருவாக்கிய ஊடகம் யுஇஎஃப்ஐ முறையில் மட்டும் இயங்கும் கணினியில் எழாது. 64 பிட் வட்டு 32 பிட் செயலியில் ஓடாது. உபுண்டு 17.10 முதல் 32 பிட் மேசைக்கணினிப் படிமங்கள் வெளிவருவதில்லை என்பதை, நன்கொடையாக வந்த பழைய கணினிகளைப் பேணும் பள்ளிகள் மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்று, ‘ஏற்றது, படிக்கும்போது இடறுகிறது.’ வட்டில் கீறல், கருவியின் ஒளிவில்லையில் தூசி, பாதியில் அறுந்த பதிவிறக்கம் ஆகியவை இதன் காரணங்கள். மலைப்பகுதியின் நிலையற்ற இணைப்பில் மூன்றாவதை முதலில் ஐயுறுவது நல்லது. பதிவிறக்கிய கோப்பின் ஷா256 மதிப்பைக் கணித்து, வெளியீட்டாளர் தந்துள்ள 64 குறிகளோடு ஒப்பிட வேண்டும். ஒரு குறி வேறுபட்டாலும் அந்தக் கோப்பு பயன்படாது. கோப்பு சரியாக இருந்தால், புதிய வட்டில் குறைந்த வேகத்தில் மீண்டும் எழுதிப் பார்க்கலாம்.

நான்கு, ‘படித்தது, திரை இருண்டுவிட்டது.’ இங்கே வட்டின்மீது குற்றம் இல்லை. வரைகலைச் சில்லுக்கும் கருனிக்கும் ஒத்துப்போகவில்லை. தொடக்கப் பட்டியில் உள்ள ‘சேஃப் கிராஃபிக்ஸ்’ என்ற தேர்வு, அதாவது ‘நோமோட்செட்’ என்னும் கட்டளைச்சொல், பெரும்பாலும் வழிவிடும்.

இந்த நான்கு தொடர்களில் புதிய கலைச்சொல் ஒன்றுகூட இல்லை. பார், ஏற்றுக்கொள், இடறு, இருளடை ஆகியவை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வினைகள். நாம் கலைச்சொல்லாக்கத்தில் பெயர்ச்சொற்களைக் குவித்த அளவுக்கு, நிகழ்வைப் பிரித்துரைக்கும் வினைத்தொடர்களைத் தொகுக்கவில்லை. அகராதியில் ஒரு பெயரைச் சேர்த்ததும் பணி முடிந்ததாக எண்ணுகிறோம். பழுது நேர்ந்த இடத்தில் வினை இல்லாமல் பெயர் உதவாது.

வட்டுகளின் காலமே முடிந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். உபுண்டு 24.04 மேசைக்கணினிப் படிமம் 4.7 ஜிபி கொள்ளளவுள்ள டிவிடியில் அடங்காது. பென் டிரைவ்தான் வழி. ஆனால் பென் டிரைவிலும் ஐஎஸ்ஓவைக் கோப்பாக நகலெடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. ஊடகம் மாறியிருக்கிறது, நான்கு தொடர்களும் அப்படியே பொருந்துகின்றன.

ஆங்கிலமோ மலையாளமோ தெரிந்த ஆசிரியர் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்பது அடுத்த வாதம். அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அறிவும் அவரோடு போய்விடும். உரிமை சார்ந்த கேள்வியும் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் இடமளிக்கிறது. சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். கணினிக்கூடம் இயங்கவில்லை என்ற முறையீட்டையும் தமிழில் எழுதலாம் என்பதே இதன் பொருள். ‘கணினி வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் அந்த உரிமையால் பெரிய பயன் இராது. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எழுதத் தெரிந்தால், அதே கடிதம் பழுது நீக்குபவருக்கு வழிகாட்டும்.

என் முன்மொழிவு சிறியது. ஒரே தாளில், திரையில் தோன்றும் ஆங்கிலச் செய்திகளை உள்ளது உள்ளபடி அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் அது எந்தக் கட்டம், அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று எளிய தமிழில் எழுத வேண்டும். ஆங்கிலம் சரளமாகப் படிக்காதவரும் எழுத்துருவை ஒப்பிட்டு உரிய வரியைக் கண்டுகொள்வார். அந்தத் தாள் கணினிக்கூடத்தின் சுவரில் இருக்கட்டும். திரை இருண்டாலும் சுவர் தெரியும். கைட் 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மாணவர் அமைப்பின் பயிற்சிகளில் வன்பொருளும் மலையாளக் கணிமையும் இடம்பெற்றன. தமிழ்வழிப் பள்ளிகளில் தமிழ்க் கணிமைக்கும் அதே இடம் வேண்டும். இந்தத் தாளைத் தயாரிப்பதை அதன் முதல் பயிற்சியாக வைக்கலாம்.

தமிழ்த்துறைகளிலும் மொழியியல் துறைகளிலும் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் மக்கள் இயந்திரப் பழுதுகளை எந்த வினைகளால் சொல்கிறார்கள் என்று திரட்டுங்கள். எல்லைத் தமிழின் வளத்தைக் காட்டும் தரவாகவும், கணினிக்கூடத்துக்குப் பயன்படும் கையேடாகவும் அது அமையும். உங்கள் ஊரில் வழங்கும் பழுதுத் தொடர்களைக் கீழே எழுதுங்கள், சேர்ந்தே தொகுக்கலாம்.