கூத்துக்கு ஆள் வேண்டும்

பதிவு கொஞ்சம் நீளம். வாத்தியார் திட்டுவதை முன்பெல்லாம் கேட்டீர்களே, இதையும் கேளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை அடி அண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் திரௌபதி அம்மன் திருவிழா. இரவு கர்ண மோட்சம் கூத்து. போய் உட்கார்ந்தவன் விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். நாலு படம் எடுத்து நம் குழுவில் போட்டேன். வந்த பதிலெல்லாம் ஒரே மாதிரி: "அழிந்து வரும் கலை ஐயா, காப்பாற்றணும்." கூடவே வரிசையாகக் கும்பிடும் கை பொம்மைகள். அதில் வந்த கோபம்தான் இது.

அழிகிறது என்று யார் சொன்னது? நம் மாவட்டத்தில் வெயில் காலம் தொடங்கி ஆடி வரைக்கும் கூத்துக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. செய்யாறு பக்கத்துப் புரிசை நடேசத் தம்பிரான் ஆடியதைப் பார்த்துதான் ந. முத்துசாமிக்கு நாடகம் என்றால் என்ன என்பதே மாறிப்போனது. 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை வந்தது. ஆல்ஃப் ஹில்டபெய்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி திருவிழாக்களைச் சுற்றிச் சுற்றி வந்து, 1988-இல் தடிப் புத்தகமே போட்டார். கூத்து இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பத்து மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனவர்கள் நாம்.

அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? பத்தரைக்கு மேல் களரி கட்டினார்கள். மிருதங்கமும் தாளமும் ஆர்மோனியமும் சேர்ந்து அரை மணி நேரம். முகவீணை இருந்தது, அதுவே அதிர்ஷ்டம். நாயனத்துக்குத் தம்பி மாதிரி சின்னக் குழல், ஆனால் ஊர்க்கோடி வரை கேட்கும். இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடிக்க, பின்னால் நின்று கர்ணன் பாடினான். முகம் தெரியாது. கிரீடத்தின் உச்சி மட்டும் துணிக்கு மேலே ஆடும். குரல் முதலில் கரகரவென்றுதான் இருந்தது. பன்னிரண்டு தாண்டியதும் ஒரு திறப்பு திறந்தது பாருங்கள்! மூன்று மணிக்கு, பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில், என் பக்கத்தில் இருந்த பாட்டி வெற்றிலையை வாயில் வைத்தபடியே மெல்ல மறந்து அழுதுகொண்டிருந்தார். எத்தனை முறை பார்த்திருப்பார் அதை! கட்டியக்காரன் நடுவில் புகுந்து இலவச பஸ்ஸைப் பற்றி ஏதோ சொல்ல, அதே பாட்டி அழுத கண்ணோடு சிரித்தார். அந்த மூன்று மணிக் குரலைப் பதினொரு மணிக்கு வரவழைக்க யாராலும் முடியாது.

இதைத்தான் நம் ஆட்கள் "ரெண்டு மணி நேரத்துல முடிச்சுடுங்க" என்கிறார்கள். ஒரு விழாக்குழுவில் என் காதுபடவே பேசினார்கள். டிஜே பெட்டிக்குக் கேட்ட பணம் பேரம் இல்லாமல் போனது. கூத்துக்காரரிடம் மட்டும் ஐநூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் இழுத்தார்கள். அவர்களில் இரண்டு பேர் 'கர்ண மோட்சம்' குறும்படத்தை, கண்ணீர் பொம்மையோடு எனக்கு அனுப்பியவர்கள். படத்தில் வரும் கூத்துக் கலைஞருக்காக அழலாம். எதிரில் நிற்பவருக்குப் பேசிய கூலியைக் கொடுக்கக் கூடாதா?

சத்தம் என்று சொல்வீர்கள். அதில் நியாயம் உண்டு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், நெஞ்சுவலிக்காரரும் பக்கத்து வீட்டில் இருக்கத்தான் செய்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. விழா நாளில் அரசு தளர்த்தினாலும் பன்னிரண்டு மணி வரைதான், அதுவும் வருஷத்துக்குப் பதினைந்து நாளுக்கு மேல் இல்லை. சரி, ஒலிபெருக்கியை அணையுங்கள். காஸ் லைட் காலத்தில் எந்த மைக்கை வைத்து ஆடினார்கள்? பெட்டி இல்லாவிட்டால் ஆர்மோனியமும் இரையாது, கிட்டே வந்து உட்காரவும் தோன்றும்.

மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது அடி அண்ணாமலையில் என்று பெருமையாகச் சொல்கிறோம். கிரிவலப் பாதையில் அவருக்குக் கோயிலும் இருக்கிறது. விடியுமுன் எழுந்து வாருங்கள், பாடுவோம் என்று பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பும் பாட்டு அது. அந்த ஊரைச் சுற்றி, விடிய விடியப் பாடுவது தொந்தரவாகிவிட்டது!

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் திருவிழாச் சமயம், கண் சிவந்து வகுப்பில் தூங்கி விழும் பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான். ஒருவன் காதோரம் அரிதாரம் சரியாகப் போகாமல் வருவான். அப்பாவோடு ஆடிவிட்டு நேராகப் பள்ளிக்கு வந்திருப்பான். "கூத்தாடப் போறவனுக்கு இலக்கணம் எதுக்குடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். வகுப்பே சிரித்தது. ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். கர்ணனின் பிறப்பைச் சொல்லிக் காட்டும் இடம் வந்தபோது, வெள்ளிக்கிழமை எனக்குத் தலை நிமிரவில்லை. அவன் பெயரை எழுத மாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் அவனும் உண்டு. தப்பு என்னுடையதுதான், தம்பி.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே குழு, பக்கத்து ஊரில் பதினெட்டாம் போர். சென்னையில் இருக்கிறவர்கள் சாயங்காலம் பஸ் ஏறினால் களரி கட்டுமுன் வந்துவிடலாம். கொசு இருக்கும், போர்வை எடுத்து வாருங்கள். பாட்டு பிடித்தால் கையில் இருப்பதைக் கொடுங்கள், கட்டியக்காரர் உங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்துவார். நான் ஆர்மோனியப் பெட்டிக்கு வலது பக்கம், முதல் வரிசையில் இருப்பேன். தூங்கினால் இந்த முறை பெஞ்சு மேல் ஏற்ற மாட்டேன்.