மறைந்ததைக் காணும் கண்ணாம்! மூடிய உறையைப் படித்துக் காட்டட்டும்!

நாலு சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு, நாற்பது கல் தொலைவில் இருப்பதை நான் காண்கிறேன் என்று ஒருவன் சொன்னால் நாம் என்ன செய்வது? கைகூப்பி நம்பி விடுவதா? கைகொட்டிச் சிரித்துவிட்டுப் போவதா? இரண்டும் வேண்டாம், தோழர்களே! சோதித்துப் பார்ப்போம். ரேஷன் கடையில் நிறுத்துத் தந்த அரிசியை வீட்டுப் படியால் மறுபடி அளந்து பார்க்கிறோமே, அதைப் போல!

இது வெறும் வேடிக்கை விவகாரம் அல்ல. நகை காணாமற் போனால் மை போட்டுப் பார்ப்பவரைத் தேடி ஓடுகிற வழக்கம் இன்றும் பல ஊர்களில் உண்டு. அவர் வெற்றிலையில் மையைத் தடவுகிறார். "எடுத்தது தெரிந்த ஆள்தான், மேற்குத் திசை" என்கிறார். பழி யார் தலையில் விழுகிறது? மாடி வீட்டு மருமகன் தலையிலா? இல்லை! மேற்குத் தெருவிலிருந்து பாத்திரம் துலக்க வரும் ஏழைப் பெண்ணின் தலையில்! காணாத கண் கண்டதாகச் சொன்ன சொல்லுக்குச் சாட்சி இல்லை, விசாரணை இல்லை, மறுப்பு இல்லை. ஆகவேதான் சோதனை வேண்டும் என்கிறோம்.

படிக்காத பாமரர்தான் இதை நம்புகிறார்கள் என்று எண்ண வேண்டாம். விஞ்ஞானத்தில் கொடிகட்டிப் பறந்த அமெரிக்காவே நம்பிப் பணத்தைக் கொட்டியது! 1972இல் காலிபோர்னியாவில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில், ரஸ்ஸல் டார்க், ஹரால்டு புத்தாஃப் என்ற இரு பௌதிக அறிஞர்கள் இந்த ஞானதிருஷ்டி ஆராய்ச்சியில் இறங்கினர். உளவுத்துறையான சி.ஐ.ஏ. பணம் கொடுத்தது. ரஷ்யாவின் இரகசியங்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம் என்ற ஆசை!

சோதனை இப்படி நடந்தது. ஒருவர் வெளியே ஓரிடத்துக்குப் போய் நிற்பார். அறைக்குள் இருப்பவர் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று வாயால் சொல்வார், படம் வரைவார். பல நாட்கள் இப்படி நடந்த பிறகு, குறிப்புகளை நடுவர் ஒருவரிடம் தருவார்கள். அவர் ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்த்து, எந்தக் குறிப்பு எந்த இடத்துக்குப் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். பாட் பிரைஸ் என்ற முன்னாள் போலீஸ் அதிகாரி சொன்னவை வியக்கும்படி பொருந்தின என்று முரசு கொட்டினார்கள்.

நியூசிலாந்தில் இருந்த டேவிட் மார்க்ஸ், ரிச்சர்டு காமன் என்ற இரு உளநூல் அறிஞர்கள் முரசொலியில் மயங்கவில்லை. தாங்களே செய்து பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், குறிப்புச் சொன்னவர் இடத்தைக் கண்டதும், "ஆகா, நான் சொன்னது இதுவேதான்!" என்று துள்ளினார். நடுவரும் "பொருந்துகிறது" என்றார். ஆனால் நடுவர் பொருத்தியது வேறோர் இடத்தின் குறிப்பை! உயரமாக ஏதோ, வளைவாக ஏதோ, பக்கத்தில் தண்ணீர் என்று சொன்னால் எந்த ஊருக்குத்தான் பொருந்தாது?

அப்படியானால் அமெரிக்காவில் மட்டும் எப்படிப் பொருந்திற்று? குறிப்புகளைத் துருவினார்கள். குட்டு உடைந்தது! எத்தனையாவது நாள் சோதனை என்று காட்டும் பேச்சுக்கள், நேற்றுப் பார்த்த இடங்களைப் பற்றிய சொற்கள், நீக்கப்படாமல் அப்படியே கிடந்தன. இடங்களின் பட்டியலும் போய்வந்த வரிசையிலேயே நடுவர் கையில் தரப்பட்டிருந்தது. ஞானதிருஷ்டி எதற்கு? சாதாரணத் திருஷ்டியே போதுமே! இதை அவர்கள் 1978இல் 'நேச்சர்' என்ற விஞ்ஞான ஏட்டில் வெளியிட்டார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். 1973இல் இங்கோ ஸ்வான் என்பவர் வியாழன் கோளையே பார்த்துவிட்டேன் என்றார். அதைச் சுற்றி வளையம் போல ஒன்று உண்டு என்றார். 1979இல் வாயேஜர் விண்கலம் மெல்லிய வளையத்தைப் படம்பிடித்தது. "பார்த்தீர்களா!" என்று கூத்தாடினார்கள். வியாழனில் மிக உயர்ந்த மலைகளைக் கண்டதாகவும் அதே மனிதர் சொன்னாரே? வாயுக் கோளமான வியாழனில் மலை நிற்கத் தரை ஏது? பலித்ததைப் பாடுகிறார்கள்; பலிக்காததைப் புதைத்துவிடுகிறார்கள்!

இருபதாண்டுகளுக்கு மேல் நடந்தது இந்த ஆராய்ச்சி. ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவு. 1995இல் வெளியார் குழு ஒன்று கணக்குப் பார்த்தது. குழுவில் இருந்த புள்ளியியல் அறிஞர் ஜெசிக்கா அட்ஸ், எண்களில் ஏதோ இருக்கிறது என்றார். உளநூல் அறிஞர் ரே ஹைமன், அது மெய்ப்பிக்கப்படவில்லை என்று மறுத்தார். ஆனால் ஒன்றை அறிக்கை திட்டவட்டமாகச் சொன்னது: உளவு வேலைக்கு வழிகாட்டும் உருப்படியான செய்தி ஒன்றுகூட இதனால் கிடைக்கவில்லை! கடை கட்டப்பட்டது.

இந்தச் சோதனைக்குப் பெரிய கூடம் வேண்டியதில்லை. நமது படிப்பகத்திலேயே செய்யலாம். மில் வாசல், சந்தை, ரயில் நிலையம், ஆற்றங்கரை, பள்ளிக்கூடம் என ஐந்து இடங்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி உறையில் இட்டுக் கலக்குங்கள். நாளுக்கு ஓர் உறையைப் பிரித்து ஒரு தோழர் அங்கே போய் நிற்கட்டும். 'காண்பவர்' அருகில் இருப்பவருக்கும் இடம் தெரியக்கூடாது. ஐந்து நாளும் முடியும்வரை விடையைச் சொல்லக்கூடாது. குறிப்புகளில் தேதி இருக்கக்கூடாது. கடைசியில், எதுவும் அறியாத மூன்றாம் ஆள் பொருத்திப் பார்க்கட்டும்.

ஒன்று சரியாக வந்தால் உடனே மாலை போட்டுவிடாதீர்கள்! ஐந்தை ஐந்தோடு பொருத்த 120 வழிகள் உண்டு. அவற்றில் 76 வழிகளில், கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினாலும் ஒன்றாவது சரியாக அமையும். ஐந்தும் சரியாக வருவது ஒரே ஒரு வழியில்தான். அப்படி ஐந்தும் வந்தால், மறுபடியும் சோதியுங்கள். மெய்யானால் மறுமுறையும் நிற்கும். பொய்யானால் சாக்குச் சொல்லும்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர் 1963இல் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்து அறைகூவல் விடுத்தார். முத்திரையிட்ட உறைக்குள் உள்ள ரூபாய் நோட்டின் எண்ணைப் படித்துக் காட்டுங்கள் என்பது அதில் ஒன்று. 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பரிசை வென்றவர் எவரும் இல்லை!

ஆகவே, உங்கள் தெருவில் மை போட்டு யாரையேனும் திருடர் என்று காட்டினால், கூட்டத்தோடு கூட்டமாக ஓடாதீர்கள். பத்து ரூபாய் நோட்டை உறையிலிட்டு ஒட்டி முன்னே வையுங்கள். "முதலில் இதன் எண்ணைப் படி, பிறகு அந்த ஏழையின் மேல் விரலை நீட்டு!" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் துணிவு ஒருவருக்கு இருந்தால் போதும், ஒரு குடும்பத்தின் மானம் தப்பும்!