சிற்றுருவ இருப்புப்பாதை

மேலைநாட்டார் தம் ஓய்வுப் பொழுதில் பயிலும் கலைகளுள் ஒன்று, சிற்றுருவ இருப்புப்பாதை அமைத்தல். சிறுவரேயன்றி முதியோரும் இதில் ஈடுபடுகின்றனர். புகைவண்டி, நிலையம், பாலம், குன்று ஆகிய யாவும் ஒரே அளவிற் சுருக்கி அமைக்கப்படும். பெருவழக்காகிய அளவு 87-இல் ஒரு பங்கு ஆகும். 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள மெய்யான பாதை, இதில் 16.5 மில்லிமீட்டராகக் குறுகும். இங்ஙனம் அரிதின் அமைத்த பாலங்களையும் நிலக்காட்சிகளையும், சில ஆண்டுகள் கழிந்தபின் தாமே பிரித்துப் புதுவதாக அமைப்போர் பலர். இது வீண் உழைப்பா? அன்று என்பதே என் கருத்து.

மெய்யான பாலத்தைக் கட்டும் பொறியாளர் தம் பணியில் பொய் கலத்தல் இயலாது. தூண் மெலிந்தால் பாரம் அதனை முறித்துவிடும். சிற்றுருவப் பாலத்திற்கோ அத்தகைய கண்டிப்பு இல்லை. சிறு வண்டியின் எடையை, அடியில் மறைந்துள்ள பலகையே தாங்கிவிடும். தூண்கள் வெறுந்தோற்றமாக நிற்பினும் வண்டி ஓடும். தண்டிப்பார் எவரும் இல்லாத இவ்விடத்தில் உண்மையைக் காக்க வேண்டியது அமைப்பவரின் மனமே.

பாலத்தின் உண்மை யாது? அதற்குக் காரணமாகிய நிலமே. தொடக்கத்திற் பலர் சமதளப் பலகைமீது பாதையை இட்டு, அழகு கருதி ஒரு பாலத்தையும் வைத்துவிடுவர். கீழே ஆறும் இராது; பள்ளமும் இராது. சின்னாளில் அக்குறை அவர்க்கே புலப்படும். அப்பொழுது பலகையை அறுத்து நிலத்தைப் பாதைக்குக் கீழே தாழ்த்துவர். கம்பிவலையும் சுண்ணச்சாந்தும் கொண்டு பள்ளத்தாக்கை முதலில் உருவாக்குவர். பின்னரே பாலத்தை அமைப்பர். இதுவே முறையாகும்.

சுவிட்சர்லாந்து நாட்டில் லாண்ட்வாசர் ஆற்றின்மேல் 1902-இல் கட்டிமுடிக்கப்பட்ட கற்பாலம் ஒன்று உண்டு. அதன் உயரம் 65 மீட்டர். 20 மீட்டர் அகலமுள்ள ஆறு வளைவுகள் அதனைத் தாங்குகின்றன. வளைந்து செல்லும் அப்பாலம், செங்குத்தான பாறைச் சுவரின் நடுவே உள்ள சுரங்கவழிக்குள் நேரே நுழைகின்றது. இதனைச் சிற்றுருவில் அமைப்பின் உயரம் 75 சென்டிமீட்டர் அளவினதாகும். இடம் போதாதவர் அதனைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால், பாறையை நீக்கிப் பாலத்தை மட்டும் வைத்தல் தகாது. பாறையும் பள்ளமும் இன்றேல், அப்பாலம் அங்கே நிற்பதற்கு ஏது இல்லையாம்.

நிலத்தைப் போன்றே காலமும் கருதத்தக்கது. தமிழ் இலக்கண நூலார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். மரம், விலங்கு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றனர். செய்யுளுக்குக் கூறிய இவ்வொழுங்கு இக்கலைக்கும் பொருந்துவதாகும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை இட்டோர், காட்டு மரங்களைக் கொண்டு விரைவாகவும் குறைந்த செலவிலும் பாலங்கள் கட்டினர். பிற்காலத்தில் அவற்றுட் பல மண்ணால் மூடப்பட்டன. பல எஃகுப் பாலங்களாக மாறின. எனவே, எக்காலத்து வண்டி ஓடுகின்றதோ அக்காலத்துப் பாலமே வேண்டும். இங்கிலாந்தில் பெக்கன்ஸ்காட் என்னும் சிற்றுருவ ஊர் 1929-இல் திறக்கப்பட்டது. காலப்போக்கில் புதுக் கட்டடங்களும் புது வண்டிகளும் அதிற் புகுந்தன. 1990-களில் அவற்றை மாற்றி, ஊர் முழுவதையும் 1930-களின் தோற்றத்திற்கே மீட்டமைத்தனர். காலங்கள் தம்முள் மயங்காமையே அதன் இன்றைய அழகுக்குக் காரணம் எனலாம்.

‘விளையாட்டுக்கு இத்துணை உழைப்பு எதற்கு? செய்ததை அழிப்பது பேதைமை அன்றோ?’ எனச் சிலர் வினவுவர். கலிபோர்னியாவில் மான்டெரே நகரில் ஜான் ஆலன் என்னும் புகைப்படக் கலைஞர் வாழ்ந்தார். அவர் தம் சிற்றுருவப் பாதையை விரிவாகத் திருத்தி, மூன்றாம் முறை தரையிலிருந்து கூரைவரை மலைகள் ஓங்கி நிற்குமாறு அமைத்தார். ஆழ்ந்த பள்ளத்தாக்குகளைக் கடக்கும் பாலங்கள் அதன் சிறப்பாகும். 1973 ஜனவரியில் அவர் மறைந்தார். சில நாள்களுக்குள் அவ்வமைப்பும் தீக்கு இரையாயிற்று. ஆயினும், அவர் எடுத்த படங்களும் எழுதிய கட்டுரைகளும் நிலைத்தன. நிலத்தோடு பாலத்தை இயைக்கவும், மரத்திலும் இரும்பிலும் முதுமையைக் காட்டவும் இன்றும் பலர் அவரிடமே கற்கின்றனர். பொருள் அழியினும் அவர் கண்ட முறை அழியவில்லை.

மாற்றம் யாவும் மேன்மை ஆகா. புதுமை ஒன்றையே விரும்பி நாள்தோறும் கலைப்பவர் எதனையும் முடியார். முன்னினும் தெளிவாக உண்மையைக் கண்டவரே மாற்றுதற்கு உரியர். கண்டபின்னும் உழைப்பை எண்ணிப் பிழையைப் பேணுதல், அவ்வுழைப்புக்கே இழுக்காகும்.

மாணவர்களே! பள்ளிப் பொருட்காட்சிக்காக நீங்களும் அட்டையாலும் களிமண்ணாலும் பாலம் செய்யக்கூடும். செய்வதற்குமுன், உங்கள் ஊரில் உள்ள பாலம் ஒன்றன் கீழே சென்று நோக்குங்கள். அது ஏன் அங்கே நிற்கின்றது, எதனாற் கட்டப்பட்டது, வெள்ளம் எதுவரை ஏறிய சுவடு உள்ளது என்று ஆராயுங்கள். அங்ஙனம் ஆராய்ந்து செய்யும் பாலம் சிறிதாயினும் மெய்யானதாக இருக்கும்.