புதுப் பெயரா, பழைய அஸ்திவாரமா?

நம் கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். ஆதலால் இங்கு வீடு கட்டுவோர் சுவரின் வண்ணத்தைவிட அஸ்திவாரத்தின் ஆழத்தையே முதலில் பார்ப்பர். கணிப்பொறியின் இயங்குதளத்தையும் நாம் அவ்வாறே மதிப்பிட வேண்டும்.

விண்டோஸ் 95, 98 ஆகியவை டாஸ் வழி வந்தவை. அவற்றில் ஒரு நிரல் தவறினால் கணிப்பொறி முழுவதுமே நின்றுவிடக்கூடும். 2001-இல் வந்த எக்ஸ்பியோ, 1993-இல் தோன்றிய என்.டி. வழியினது. அதில் ஒவ்வொரு நிரலுக்கும் தனி இடம் உண்டு. ஒன்று விழுந்தாலும் மற்றவை பெரும்பாலும் பிழைக்கும். பெயர் ஒன்றே, வம்சம் வேறு! ஆயினும் 2014-இல் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. உரியவர் கைவிட்டால் உறுதியான வீடும் பழுதாகுமன்றோ?

சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்', 1993-இல் தொடங்கிய டெபியன் லினக்ஸ் வழி வந்தது. அதன் மூலநிரல் திறந்திருப்பதால், ஒருவர் விட்டாலும் மற்றவர் திருத்தலாம்.

ஆகவே தோழியரே, பழைய கணிப்பொறியை எடைக்குப் போடுமுன், இலகுவான லினக்ஸ் ஒன்றை அதில் இட்டுப் பார்ப்போம். புதியது வாங்க வசதியற்ற வீட்டுப் பெண்ணும் அதில் கற்கலாம். விளம்பரம் கூறும் வயதை நம்பி, உழைக்கும் பொறியைக் குப்பையாக்குவது அறிவுடைமை ஆகாது.